அடுத்த பெற்றோல் செட் எவ்வளவு தூரம்?

இருசக்கரப் பக்கம்: வாசகர் கேள்வியும் பதிலும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டு ஓட்டத்தைப் பற்றியவை. உறவினர்கள் உலகமெங்கும் சிதறிக் கிடப்பதால் நம்மவர்களுக்கு இது ஒரு வசதி: தங்க வீடு இருக்கிறது, வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. பெற்றோலை மட்டும் உறவினரால் வழி நெடுகக் கொண்டுவந்து தர முடியாது. ஆகவே இந்த இதழ் முழுவதும் பெற்றோல்தான். செயின் ஒயில் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கொழும்பில் என் 150 சிசி வண்டி லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடுகிறது. ஓகஸ்டில் மெல்பேர்னில் இருக்கும் அண்ணாவிடம் போகிறேன். அங்கே ஒரு வி-ஸ்ட்ரோம் 650 வாடகைக்கு எடுத்து, தனியாகப் பேர்த் வரை ஓட்ட எண்ணம். நல்லாபோர் சமவெளியில் 200 கிலோமீற்றருக்குள் ஒரு செட் வந்துவிடுமாம், தாங்கி 20 லீற்றராம், பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் அண்ணா. அம்மா பயப்படுகிறார். யார் சொல்வது சரி? (வெள்ளவத்தை)

பதில்: அம்மா பக்கம் நிற்கிறேன். ஆனால் அண்ணா சொன்ன இரண்டு எண்களும் பிழையில்லை. அவர் சொல்லாமல் விட்ட எண்கள்தான் சிக்கல்.

முதலில் அந்த 45 என்ற எண்ணைக் கட்டுநாயக்காவிலேயே விட்டுவிட்டுப் போங்கள். வண்டி பெரியது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேகம். நம் நாட்டில் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை. மற்ற வீதிகளில் ஊருக்கு வெளியே 70தான் எல்லை. மணிக்கணக்காக 110இல் ஓட்டிய அனுபவம் உங்களுக்கு இருக்க நியாயமில்லை, இருந்தால் என்னிடம் சொல்லாதீர்கள். நல்லாபோரைக் கடக்கும் அயர் நெடுஞ்சாலையில் பெரும்பகுதிக்கு 110 அனுமதி. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது: 70இலிருந்து 110க்குப் போனால் அந்தத் தடை ஏறக்குறைய இரண்டரை மடங்கு. எதிரே மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடித்தால், நீங்கள் 100இல் போனாலும் வண்டி 130இன் காற்றைத்தான் உணரும். குளிர்காலத்தில் அங்கே மேற்குக் காற்று வழக்கம், நீங்கள் போவதும் மேற்கு நோக்கி. இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் கூடாரம் என்று கட்டிய ஒரு 650 வண்டிக்கு நான் நல்ல நாளில் லீற்றருக்கு 20 என்றும், காற்று நாளில் 17 என்றும் வைப்பேன். திட்டம் போடும்போது 17ஐ மட்டும் எடுங்கள். 20 லீற்றரில் மூன்றைத் தொடாமல் வைத்தால் மிச்சம் 17 லீற்றர். 17ஐ 17ஆல் பெருக்கினால் 289. வழியில் நீங்கள் நினைவில் வைக்கவேண்டிய எண் அதுதான்.

இனி பாதையைப் பார்ப்போம். மெல்பேர்னிலிருந்து பேர்த் சுமார் 3,400 கிலோமீற்றர். அதில் செடூனாவிலிருந்து நோர்ஸ்மன் வரையான சுமார் 1,200 கிலோமீற்றரில்தான் பெற்றோலை யோசிக்கவேண்டும். இலங்கையின் நீளமே சுமார் 435 கிலோமீற்றர் என்பதால் அந்த 1,200ஐ ஒருமுறை மனதில் நீட்டிப் பாருங்கள். செடூனாவுக்கும் நுண்ட்ரூவுக்கும் இடையில் ஏறத்தாழ 150 (நடுவில் பெனோங்கிலும் ஒரு செட் உண்டு, ஆகவே நுண்ட்ரூ பூட்டியிருந்தாலும் சமாளிக்கலாம்), அங்கிருந்து நல்லாபோர் ரோட்ஹவுஸ் வரை ஏறத்தாழ 145, அடுத்து போர்டர் வில்லேஜ் வரை 185க்குச் சற்று மேல். எல்லையைத் தாண்டினால் 12 கிலோமீற்றரில் யூக்லா. பிறகு முண்ட்ராபில்லா, மதூரா, கொக்கில்பிடி, கைகூனா என்று செட்டுகள் நெருக்கமாக வரும், மிகப் பெரிய இடைவெளியே 116தான். கைகூனாவிலிருந்து பல்லடோனியா 182, பல்லடோனியாவிலிருந்து நோர்ஸ்மன் சுமார் 190. இதுவரை அண்ணா வென்றுவிட்டார்: எந்த இடைவெளியும் 289ஐத் தொடவில்லை.

இப்போது ஒரு செட்டை அழியுங்கள். மின்சாரம் போயிருக்கலாம், பெற்றோல் வண்டி வந்து சேராமல் இருக்கலாம், இரவில் பூட்டியிருக்கலாம். கைகூனாவை அழித்தால் கொக்கில்பிடியிலிருந்து பல்லடோனியா வரை 247, போகலாம். பல்லடோனியாவை அழித்துப் பாருங்கள். கைகூனாவிலிருந்து நோர்ஸ்மன் வரை 372 கிலோமீற்றர். நல்லாபோர் ரோட்ஹவுஸை அழித்தால் நுண்ட்ரூவிலிருந்து போர்டர் வில்லேஜ் வரை சுமார் 330. இந்த இரண்டு இடத்திலும் உங்கள் 289 காணாது. ஆக, அம்மாவின் பயத்துக்கு முகவரி கிடைத்துவிட்டது. 1,200 கிலோமீற்றருக்கும் அஞ்சத் தேவையில்லை. இரண்டே இரண்டு செட்டுகளைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும். நுண்ட்ரூவில் நிற்கும்போது நல்லாபோருக்கும், கைகூனாவில் நிற்கும்போது பல்லடோனியாவுக்கும் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். அத்தோடு ஐந்து லீற்றர் கேன் ஒன்றைச் செடூனாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு லீற்றரை 17ஆல் பெருக்கினால் 374. 372க்கு மயிரிழையில் போதும், மூன்று லீற்றரும் தொடப்படாமல் இருக்கும். வேகத்தை 90க்கு இறக்கினால் மயிரிழை விரல் அகலமாகும். பெற்றோல் குறைகிறது என்று பதறி வேகத்தைக் கூட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற நினைப்பு. அவர்கள் சீக்கிரம் போய்ச் சேருவது வீதியோரத்துக்குத்தான்.

என்னுடைய 17ஐ அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். மெல்பேர்னிலிருந்து அடிலெயிட் வரையான முதல் 730 கிலோமீற்றரில் அரை மணிக்கொரு செட் இருக்கும். அந்தப் பகுதியைப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் வண்டியை நிமிர்த்திப் பிடித்து முட்ட நிரப்பி, தூரமானியைப் பூச்சியமாக்கி, முழுச் சுமையோடு நீங்கள் ஓட்டப்போகும் வேகத்திலேயே ஓட்டி, மறுபடியும் அதே மாதிரி நிரப்பிக் கணக்குப் பாருங்கள். பக்க ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் நிரப்பினால் கணக்குப் பிசகும். திரையில் ‘இன்னும் இத்தனை கிலோமீற்றர் ஓடும்’ என்று காட்டும் எண், இதுவரை ஓடியதை வைத்துச் சொல்லப்படுவது. காற்று திரும்பியதும் அது பொய்யாகிவிடும்.

என் மருமகனோடு அந்தப் பாதையில் போனபோது எனக்குப் பிடித்தது ரோட்ஹவுஸ் முற்றத்துப் பேச்சு. மேற்கிலிருந்து வருகிறவரும் கிழக்கிலிருந்து வருகிறவரும் பம்படியில் சந்திக்கிறார்கள். பெயர்கூடக் கேட்கமாட்டார்கள். காற்று எப்படி, அடுத்த இடத்தில் பெற்றோல் இருக்கிறதா என்றுதான் முதல் பேச்சு. எந்தக் கைத்தொலைபேசியிலும் இவ்வளவு புதிய செய்தி வராது. அந்த முற்றத்தில் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். செட்டின் பெயரையும் தூரத்தையும் வெள்ளை ஒட்டுநாடாவில் பென்சிலால் எழுதித் தாங்கியின் மேல் ஒட்டுவது என் வழக்கம். கையுறை கழற்றாமல், தொலைபேசியைத் தேடாமல் பார்க்கலாம்.

விலை பற்றி. எல்லாம் லொறியில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வருவதால் அங்கே பெற்றோல் விலை நகரத்தைவிட நன்றாகவே கூடுதல். பலகையைப் பார்த்துவிட்டு ‘அடுத்ததில் மலிவாக இருக்கும்’ என்று ஓடும் நம்மூர்ப் புத்தி அங்கே வேண்டாம். செடூனாவைத் தாண்டியபின் நிற்கும் ஒவ்வொரு செட்டிலும் நிரப்புங்கள், தாங்கி பாதி இருந்தாலும்.

இன்னும் இரண்டு விடயம். போர்டர் வில்லேஜில் மேற்கு அவுஸ்திரேலியாவுக்குள் நுழையும்போது பழம், மரக்கறி, தேன் எல்லாவற்றையும் சோதித்து எடுத்துவிடுவார்கள். அண்ணி கட்டித்தரும் வாழைப்பழத்தை அதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். அங்கிருந்து கைகூனா வரை உள்ளூர் நேரம் ஒன்று புழங்குகிறது: மேற்கு அவுஸ்திரேலிய நேரத்தைவிட 45 நிமிடம் முன்னே. மூடும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டால், எந்த நேரப்படி என்றும் கேளுங்கள். இருட்டியபின் ஓட்டவே வேண்டாம். கங்காருவுக்கு உங்கள் பெற்றோல் கணக்குத் தெரியாது.

கேள்வி: இப்போது எல்லாச் செட்டுகளையும் காட்டும் செயலிகள் இருக்கின்றனவே! நாடாவும் பென்சிலும் எதற்கு? (கொட்டாஞ்சேனை)

பதில்: செயலி, செட் இருக்கும் இடத்தைக் காட்டும். உள்ளே பெற்றோல் இருக்கிறதா, டீசல் மட்டும்தானா, ஆறு மணிக்குப் பூட்டுகிறார்களா என்பது வேறு விடயம். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டின்போது வரைபடத்தில் கொழும்பின் செட்டுகள் எல்லாம் இருந்தன. பெற்றோல்தான் இருக்கவில்லை. செயலியை வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை இணையம் இல்லாமல் திறக்கும்படி வீட்டிலேயே தரவிறக்கி, செட்டுகளின் தொலைபேசி எண்களைக் காகிதத்திலும் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நானும் கணவரும் வட இந்தியாவில் மணாலியில் ஆளுக்கொரு வண்டி எடுத்து, இமயமலை வழியே லடாக்கின் லே வரை போகிறோம். அவர் ஹிமாலயன் 411, நான் கிளாசிக் 350. தாண்டி என்ற இடத்தில் ‘அடுத்த பெற்றோல் நிலையம் 365 கிலோமீற்றர்’ என்று ஒரு பலகை இருக்கிறதாம். உண்மையா? இடையில் போத்தலில் விற்பார்கள், கவலை வேண்டாம் என்கிறார் கணவர். (தெஹிவளை)

பதில்: பலகை உண்மை, தங்கச்சி. எல்லோரும் அதன்முன் நின்று படம் எடுப்பார்கள். எடுத்துவிட்டு உள்ளே போய் நிரப்புங்கள்.

கணவரின் வண்டிக்குத் தாங்கி 15 லீற்றர், உங்களுடையதற்கு 13. சமவெளியில் இரண்டுமே லீற்றருக்கு 30 கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால் 450, 390. போதும் போலத் தோன்றும். ஆனால் பாதை பாரலாச்சா லா, லாச்சுங் லா என்ற கணவாய்களில் ஏறி இறங்கி, 5,300 மீற்றருக்கு மேலுள்ள தங்லாங் லாவைத் தாண்டவேண்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியளவுதான். இஞ்சினுக்கு மூச்சு முட்டும், முதலாம் இரண்டாம் கியரிலேயே நெடுநேரம் போகவேண்டிவரும். பெற்றோலை ஊசி வழியாக அளந்து விடும் புதிய வண்டிகள் தாமாகவே அளவைச் சரிசெய்துகொள்ளும். கார்பரேட்டர் உள்ள பழைய வண்டியைக் கொடுத்தால் அது காற்றில்லாத இடத்திலும் பழைய அளவுக்கே பெற்றோலை ஊற்றிக் கறுத்த புகை விடும். ஆகவே லீற்றருக்கு 25 என்று போடுங்கள். ஹிமாலயன் 375 ஓடும், 365க்கு மேல் பத்துத்தான் மிச்சம். உங்கள் வண்டி 325இல் நின்றுவிடும். லேக்கு முன்னால் காருவில் ஒரு செட் இருக்கிறது, அதனால் சற்று ஆறுதல் உண்டு. என்றாலும் பாதை மூடி, பாதி வழியில் திரும்பவேண்டிவந்தால் அந்தக் காரு எந்த உதவிக்கும் வராது.

ஆளுக்கு ஐந்து லீற்றர் கேன் எடுங்கள். இரண்டையும் கணவர் சுமக்கவேண்டும் என்பதில்லை. உங்கள் வண்டிக்குத்தான் அதிகம் தேவை. கேனைக் கழுத்துவரை நிரப்பவேண்டாம். தாழ்வான இடத்தில் இறுக்கி மூடிய கேன் உயரத்துக்குப் போனதும் உப்பும். மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்து, மெதுவாகத் திருகி, ஆவி போகவிடுங்கள்.

போத்தல் பெற்றோல் பற்றி: வழியில் கூடாரக் கடைகளில் விற்பதுண்டு, விலை அதிகம். அதில் வேறென்ன கலந்திருக்கிறது, எத்தனை நாள் வெயிலில் நின்றது என்பது விற்பவருக்கும் தெரியாது. உயிர்போகும் அவசரத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம். திட்டத்தில் அதைச் சேர்க்கக்கூடாது. கணவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

மணாலியில் எடுத்த வாடகை வண்டியோடு லடாக்குக்குள் பாங்கோங், நூப்ரா என்று சுற்ற அங்குள்ள வாடகைக்காரர்கள் விடமாட்டார்கள். லேயில் வேறு வண்டி எடுக்கவேண்டும், அதற்கும் புதிதாகக் கணக்குப் போடவேண்டும். அட்டைகளையும் நம்பவேண்டாம். இந்திய ரூபாய் காசாகக் கையில் இருக்கட்டும்.

கேள்வி: நான் ஒக்டேன் 95 தவிர வேறெதுவும் போடுவதில்லை. அவுஸ்திரேலிய உட்பகுதியில் 91 மட்டும்தான் கிடைக்கும் என்றால் இஞ்சின் பழுதாகாதா? (பம்பலப்பிட்டி)

பதில்: உங்கள் வண்டி என்ன கேட்கிறது என்று அதன் கையேட்டில் பார்த்தீர்களா? ஒக்டேன் எண் கூடினால் பெற்றோலின் பலம் கூடும் என்று இந்த ஊரில் பாதிப்பேர் நம்புகிறார்கள். அந்த எண் சொல்வது ஒன்றைத்தான்: தீப்பொறி வருமுன் அழுத்தத்தில் தானாகவே பற்றிவிடாமல் எவ்வளவு தாங்கும் என்பதை. 91 போதும் என்று எழுதியிருக்கும் வண்டிக்கு 95 போடுவதால் உங்கள் பணப்பை மட்டுமே இலேசாகும். உயர் அழுத்த இஞ்சின் உள்ள சில ஐரோப்பிய வண்டிகள் உண்மையிலேயே 95 கேட்கும். அப்படிப்பட்டதை எடுத்தால், நகரத்தில் 95ஐ முட்ட நிரப்பி, வெளியே 91 மட்டும் இருக்கும் இடத்தில் பாதி மட்டும் நிரப்பிக் கலந்து, அடுத்த நகரம் வரை இஞ்சினை வருத்தாமல் ஓட்டுங்கள். தட்டும் ஓசை கேட்டால் வேகத்தைக் குறையுங்கள்.

அங்கே சில ஒதுக்குப்புற இடங்களில் ‘ஓபல்’ என்ற பெற்றோல் இருக்கும். பெற்றோலை முகர்ந்து போதை ஏற்றும் பழக்கம் சில சமூகங்களை அழித்துக்கொண்டிருந்ததால், போதை தரும் நறுமணச் சேர்மங்களைக் குறைத்து 2005இல் கொண்டுவந்தார்கள். அதுவும் 91தான். தாராளமாகப் போடலாம். ‘ஈ10’ என்று எழுதிய பம்பில் பத்து சதவீதம் எதனோல் இருக்கும். லீற்றருக்கு ஓடும் தூரம் சுமார் மூன்று சதவீதம் குறையும், நெருக்கமான கணக்கு உள்ள நாளில் அதைத் தவிருங்கள்.

அமெரிக்கா போகிறவர்கள் 87 என்ற எண்ணைப் பார்த்து மயங்கவேண்டாம். அவர்கள் வேறு முறையில் அளக்கிறார்கள். அவர்களின் 87 நம்முடைய 91, 92க்குச் சமம்.

கேள்வி: கலிபோர்னியாவில் பம்பில் அட்டையைச் செருகினால் ஏதோ ஐந்து இலக்க எண் கேட்கிறதாமே? (ஆமர் வீதி)

பதில்: அவர்களின் அஞ்சல் குறியீடு. உங்கள் இலங்கை அட்டைக்கு அது கிடையாது. உள்ளே போய்ப் பம்பின் எண்ணைச் சொல்லி முன்கூட்டியே பணம் கட்டுங்கள், மிச்சத்தைத் திருப்பித் தருவார்கள். அங்கே பெரும்பாலும் பச்சைப் பிடி டீசலுக்கு, பிரித்தானியாவில் பச்சை பெற்றோலுக்கு. நிறத்தை விட்டு எழுத்தை வாசியுங்கள். நியூ ஜேர்சியில் மட்டும் நீங்களே நிரப்பச் சட்டம் இடம்தராது, ஊழியர் வந்து நிரப்புவார், நம்மூர் மாதிரி.

கேள்வி: கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மகனோடு சுப்பீரியர் ஏரியைச் சுற்றி மேற்கே போகவிருக்கிறேன். எனக்கு வயது 61. பெற்றோல் கிடைக்குமா? (வத்தளை)

பதில்: தாராளமாக. வாவாவிலிருந்து வைட் ரிவர் சுமார் 90 கிலோமீற்றர், அங்கிருந்து மரதன் அதே அளவு. சிறிய செட்டுகள் மாலையில் பூட்டிவிடலாம், ஆகவே இருட்டுமுன் நிரப்பிவிடுங்கள். பெற்றோலைவிட மூஸ் மான்தான் அங்கே கவலை. தாங்கி எவ்வளவு தாங்கினாலும் 150 கிலோமீற்றருக்கொருமுறை இறங்கி நடவுங்கள். 61 வயது முதுகுக்குத் தாங்கியைவிடச் சிறிய கொள்ளளவு.

கேள்வி: 2022இல் வாங்கிய நல்ல பத்து லீற்றர் பிளாஸ்டிக் கேன் வீட்டில் சும்மா கிடக்கிறது. கழுவி விமானத்தில் கொண்டுபோகலாமா? (தெமட்டகொடை)

பதில்: பெற்றோல் வைத்த கேனை எவ்வளவு கழுவினாலும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், வாசனை போதும் பிடிபட. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் கிடைத்த காலத்தில் பத்து லீற்றர் கேன் வாங்கிய உங்கள் நம்பிக்கையைப் பாராட்டுகிறேன்.

போகும் நாட்டிலேயே பெற்றோலுக்கென்று செய்த ஐந்து லீற்றர் கேன் ஒன்று வாங்குங்கள். அவுஸ்திரேலியாவில் பெற்றோலுக்குச் சிவப்பு, டீசலுக்கு மஞ்சள். நிரப்பும்போது வண்டியின் மேல் வைத்து நிரப்பாதீர்கள். தரையில் வைத்து, குழாயின் மூக்குக் கேனின் வாயைத் தொட்டபடி நிரப்புங்கள், நிலைமின் பொறி வராது. மேலே சிறிது இடம் விடுங்கள். புகைக்குழாய்ப் பக்கம் கட்டாதீர்கள். ஓட்டத்தின்போது தாங்கியில் ஐந்து லீற்றர் கொள்ளும் இடம் வந்ததுமே கேனை ஊற்றிவிடுங்கள். கடைசிச் சொட்டு வரை காத்திருந்து, இருட்டில், காற்றில், கை நடுங்க ஊற்றுவதைவிட வெளிச்சத்தில் ஊற்றுவது நல்லது. மூடி இறுகிவிட்டதா, புனல் பொருந்துகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.